7. மைதானத்துக்கு எந்த ஃப்ளாஷ்?

கல்யாண மண்டபத்தில் ஃப்ளாஷ் பிடித்துப் பழகிய கை மைதானத்துக்கு வந்ததும் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். மண்டபத்தில் ஃப்ளாஷுக்குப் போட்டி கிடையாது. அங்கே இருக்கிற குழல்விளக்கும் சீரியல் செட்டும் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாதவை. மைதானத்தில் சூரியன் இருக்கிறது. அதனால் எந்த விளக்கு வாங்குவது என்ற கேள்விக்கு விடை கடையில் கிடைக்காது. எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்தில், நிற்கிற ஆளையா ஓடுகிற ஆளையா எடுக்கப் போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் விளக்கின் அளவு தானாக வந்துவிடும். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது வீரர்களின் போர்ட்ரெய்ட் பற்றி மட்டும்தான். ஆட்டம் நடக்கும்போது ஆடுபவர் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. பயிற்சி முடிந்த பிறகு, அவர் சம்மதத்தோடு, நமக்காக நின்று கொடுக்கிற படம் இது.

சூரியனின் அளவு

மேகமில்லாத பகல் வெயிலுக்குப் பழைய ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100, அப்பர்ச்சர் எஃப்/16. இதையே ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நகர்த்திச் சொன்னால் 1/200-க்கு எஃப்/11, 1/400-க்கு எஃப்/8, 1/1600-க்கு எஃப்/4. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் கிளம்பும்.

இதில் 1/200 என்ற எண் முக்கியம். ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் ஃப்ளாஷோடு ஒத்துப்போகிற அதிகபட்ச ஷட்டர் வேகம், அதாவது சிங்க் ஸ்பீடு, பெரும்பாலும் 1/160 முதல் 1/250 வரைதான். அதைத் தாண்டினால் ஷட்டரின் இரண்டு திரைகளும் சென்சாரை ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து வைப்பதில்லை. படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஆக, வெயிலில் சாதாரண முறையில் ஃப்ளாஷ் அடிக்க வேண்டுமென்றால் எஃப்/11-இல் வேலை செய்தாக வேண்டும். உங்கள் விளக்கு அந்த எஃப்/11-ஐ வீரரின் முகத்தில் கொண்டுவந்து சேர்க்குமா? முதல் கேள்வி அதுதான்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷ் எரியவே எரியாது. ‘ட்ரிகர் ரிப்பேர்’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இந்த செட்டிங்கைப் பாருங்கள். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கிற ஃபியூஜி எக்ஸ்100 வரிசை போன்ற கேமராக்களுக்கு இந்த 1/200 தடை இல்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-இல் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் பதிவாவதால் தடையே போய்விட்டது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பவை திரை ஷட்டர் கேமராக்கள்தான். அவற்றை வைத்தே பேசுவோம்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் சேரும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது கண்குழியில் கறுப்பு, மூக்குக்குக் கீழே கறுப்பு, நெற்றியில் மட்டும் வெளுப்பு. எவ்வளவு பெரிய விளக்கு இருந்தாலும் அந்த வெயிலோடு மல்லுக்கட்டுவது வீண்செலவு. நல்லவேளை, நம் ஊர் மைதானங்களில் பயிற்சியே விடியற்காலையிலும் மாலை நான்கு மணிக்கு மேலும்தான் நடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வெயில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் இறங்கிவிடும். சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம் வானம் நீலமாக நிற்கும்; அந்த இருபது நிமிடத்துக்குக் கேமரா மேலே வைக்கிற சின்ன ஃப்ளாஷே போதும். ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்தி நேரம் குறைவு. சென்னையில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் போய்விடும், ஜூலையில் ஆறரையைத் தாண்டும். வீரரை வரச் சொல்லும் முன் காலண்டரைப் பாருங்கள்.

தூரமும் வாட்டும்

ஃப்ளாஷின் ஆற்றலை வாட்-செகண்டில் சொல்கிறார்கள். கேமரா மேல் வைக்கிற ஃப்ளாஷ் 60 முதல் 80 வாட்-செகண்ட் வரை வரும். அடுத்த படியில் கையில் அடங்குகிற 200, பிறகு 300, 400, கடைசியில் பேட்டரியோடு மூன்று கிலோ எடையுள்ள 600. எண்ணைப் பார்த்தால் 600 என்பது 200-ஐப் போல மூன்று மடங்கு. படத்தில் அது வெறும் ஒன்றரை ஸ்டாப்தான். ஆற்றல் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடும், அவ்வளவே.

இந்த ஒன்றரை ஸ்டாப்பைக் காசில்லாமல் பெற ஒரு வழி உண்டு: விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோவது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். மூன்று மீட்டரில் நிற்கிற 200 வாட் விளக்கை ஒன்றரை மீட்டருக்கு இழுத்து வைத்தால் அது மூன்று மீட்டரில் நிற்கிற 800 வாட் விளக்குக்குச் சமம்.

ஒரு உதாரணத்தை எண்ணோடு பார்ப்போம். கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ போன்ற 200 வாட்-செகண்ட் விளக்கின் ஸ்பீட்லைட் தலைக்குக் கைடு நம்பர் மீட்டரில் சுமார் 52. அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் ஐ.எஸ்.ஓ. 100-இல் கிடைக்கிற அப்பர்ச்சர் வரும். முன்னால் சாஃப்ட்பாக்ஸும் அதற்குள் இரண்டு துணியும் போட்டால் சுமார் இரண்டு ஸ்டாப் போய்விடும். 52 என்பது 26 ஆகிவிடும். ஒன்றரை மீட்டரில் வைத்தால் எஃப்/17. அதாவது வெயிலுக்குத் தேவையான எஃப்/11-ஐத் தந்துவிட்டு மேலே ஒரு ஸ்டாப் மிச்சம். இடுப்புவரை எடுக்கிற படத்துக்கு இது தாராளம்.

இப்போது அதே ஆளைத் தலை முதல் கால்வரை, எம்பிக் குதிக்கிற மாதிரி எடுக்க வேண்டும் என்று வையுங்கள். சட்டகத்துக்குள் தெரியாமல் இருக்க விளக்கு மூன்று மீட்டராவது தள்ளிப் போகும். அங்கே சாஃப்ட்பாக்ஸோடு கிடைப்பது எஃப்/8-க்குச் சற்று மேல். வெயிலுக்குப் போதாது. துணிகளைக் கழற்றி வெறும் தலையோடு அடித்தால் மறுபடி எஃப்/17 வரும், ஆனால் ஒளி கடுமையாக இருக்கும். 600 வாட் விளக்கென்றால் சாஃப்ட்பாக்ஸோடேயே எஃப்/11-ஐத் தாண்டும். முழு உருவப் படங்களும் குழுப் படங்களும்தான் உங்கள் வேலை என்றால் பெரிய விளக்குக்குக் காசு போடுவதில் நியாயம் இருக்கிறது. தனி வீரரின் மார்பளவுப் படம்தான் அதிகம் என்றால் இல்லை.

கைடு நம்பரைக் கம்பெனிகள் தங்களுக்குச் சாதகமான நிலையில் அளந்து போடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 200 மி.மீ. ஜூமில் ஒளியைக் குவித்து அளந்த 60-ஐ விட, 35 மி.மீ. நிலையில் அளந்த 52 உயர்ந்தது. ஒப்பிடும்போது ஒரே நிலையில் அளந்ததா என்று பாருங்கள்.

ஓட்டத்தை நிறுத்துவது எது?

விளையாட்டுப் படம் என்றாலே அசைவு வரும். ‘ஃப்ளாஷ் அடித்தால் அசைவு உறைந்துவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை.

சிலம்பம் சுற்றுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பின் நுனி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், 1/200 நொடியில் அது ஏழரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் நுனி கலங்கலாக இருக்கும். 1/2000 நொடியில் நகர்வது ஏழரை மில்லிமீட்டர். அது கண்ணுக்குக் கூராகத் தெரியும். 200 முதல் 600 வாட் வரையுள்ள பேட்டரி விளக்குகள் பலவற்றில் முழு ஆற்றலில் அடிக்கும்போது ஒளி நீடிக்கிற நேரம் 1/200-ஐ ஒட்டியே இருக்கிறது. அதாவது முழு பவரில் உங்கள் ஃப்ளாஷ் எதையும் உறைய வைக்காது. பவரைக் குறைக்கக் குறைக்க ஒளி நறுக்கென்று முடியும். கடைசிப் படிகளில் 1/10,000-ஐயும் தாண்டும்.

பெரிய விளக்கு வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த உறுதியான காரணம் இதுதான். 200 வாட்டை முழுசாக அடிப்பதும் 600 வாட்டை மூன்றில் ஒரு பங்கில் அடிப்பதும் ஒரே அளவு வெளிச்சம். ஆனால் இரண்டாவதில் ஒளி நேரம் குறைவு, அடுத்த ஃப்ளாஷுக்கு விளக்கு தயாராகிற நேரமும் குறைவு. முழு பவரில் ஏடி200 ப்ரோவுக்கு 1.8 நொடி ஆகும், ஏடி600 ப்ரோவுக்கு 0.9 நொடி. எம்பி அடிக்கிற வாலிபால் வீரருக்கு உச்சியில் இருக்கிற கணம் ஒன்றுதான். இரண்டு நொடி காத்திருக்கிற விளக்கு அவரை மறுபடி மறுபடி குதிக்க வைத்துச் சோர்வடையச் செய்யும்.

விவரத்தாளில் ஒளி நேரத்தைப் பார்க்கும்போது அது டி 0.1 அளவா, டி 0.5 அளவா என்று பாருங்கள். டி 0.5 என்பது ஒளி பாதிக்கு மேல் இருக்கிற நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறது. மீதி வாலை விட்டுவிடுகிறது. அசைவைக் கலங்கலாக்குவது அந்த வால்தான். டி 0.1 எண்ணை நம்புங்கள்.

இன்னொரு சிக்கல். வெயில் இருக்கிற இடத்தில் ஃப்ளாஷ் எவ்வளவு வேகமாக முடிந்தாலும் ஷட்டர் 1/200 நொடி திறந்தே இருக்கிறது. அந்த நேரம் முழுக்கச் சூரியனும் பதிவாகும். உடலைச் சுற்றிப் பேய் மாதிரி இன்னொரு மங்கல் விளிம்பு விழும். அதற்கு ஹைஸ்பீடு சிங்க் தேவைப்படுகிறது.

ஹைஸ்பீடு சிங்க்கா, என்.டி. ஃபில்டரா?

ஹைஸ்பீடு சிங்க்கில் விளக்கு ஒரே வெட்டாக அடிக்காமல், ஷட்டரின் கீற்று சென்சாரைக் கடந்து முடிகிற வரை தொடர்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் 1/1600, 1/4000 என்று எதிலும் எடுக்கலாம். அசைவை நிறுத்துவது இங்கே ஷட்டர். பின்னணியை மங்கலாக்க எஃப்/4, எஃப்/2.8 என்று திறக்கவும் முடியும். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் விலை உண்டு. ஒளியின் பெரும்பகுதி மூடிய திரைமேல் விழுந்து வீணாகிறது. தோராயமாக இரண்டு ஸ்டாப் இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வாட் விளக்கு 50 வாட் விளக்காகிவிடும். முன்பு ஒன்றரை மீட்டரில் ஒரு ஸ்டாப் மிச்சம் வைத்திருந்த அதே விளக்கு இப்போது ஒரு ஸ்டாப் பற்றாக்குறையில் நிற்கும்.

என்.டி. ஃபில்டர் இன்னொரு வழி. மூன்று ஸ்டாப் ஃபில்டரை லென்ஸில் மாட்டினால் 1/200-லேயே எஃப்/4 வைக்கலாம். ஃபில்டர் சூரியனையும் ஃப்ளாஷையும் ஒரே அளவில் குறைக்கிறது. அப்பர்ச்சரைத் திறந்ததில் இரண்டுக்கும் அந்த இழப்பு திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆக எஃப்/11-க்குத் தேவைப்பட்ட அதே பவர் போதும், கூடுதலாக எதுவும் வேண்டாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிற வீரருக்கு இதுதான் மலிவான தீர்வு. ஓடுகிறவருக்கு உதவாது, ஏனென்றால் ஷட்டர் இன்னும் 1/200-தான். திருகிக் கூட்டிக் குறைக்கிற மலிவு ஃபில்டர்கள் அகல லென்ஸில் வானத்தில் பெருக்கல் குறி போலக் கறை போடும். மூன்று ஸ்டாப்புக்கென்று நிலையாகச் செய்த ஒன்றை வாங்குங்கள். சட்டையையும் தோலையும் நிறம் மாற்றாததாக இருக்கட்டும்.

என் தீர்ப்பு: நிற்கிற ஆளுக்கு என்.டி., ஓடுகிற ஆளுக்கு ஹைஸ்பீடு சிங்க். வாங்குகிற விளக்கிலும் ட்ரிகரிலும் ஹைஸ்பீடு சிங்க் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத பழைய ஸ்டூடியோ விளக்கு பாதி விலைக்குக் கிடைத்தாலும் மைதானத்துக்கு வேண்டாம்.

ட்ரிகர் பற்றி இரண்டே வார்த்தை. கண்ணால் பார்த்து எரிகிற ஆப்டிகல் ஸ்லேவ் வெயிலில் வேலை செய்யாது. ரேடியோ ட்ரிகர்தான் வேண்டும். விளக்கை விட ட்ரிகரின் குடும்பத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இரண்டாவது, மூன்றாவது விளக்கு அதே குடும்பத்தில்தான் வாங்கப் போகிறீர்கள். நம் ஊரில் கோடாக்ஸ் பரவலாக இருப்பதற்குக் காரணம் விலை மட்டுமில்லை. திடீரென்று ஒரு விளக்கு படுத்துவிட்டால் பக்கத்து ஸ்டூடியோக்காரரிடம் இரவல் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். ப்ரோஃபோட்டோ பி10 (250 வாட்-செகண்ட், ஒன்றரை கிலோ) போன்றவை கையில் எடுத்தாலே தரம் தெரிகிறவை. ஒளியின் நிறம் பவருக்குப் பவர் மாறாமல் நிற்கும். விளம்பர நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவருக்கு அது பயன்படும். மாவட்ட அளவில் வேலை செய்கிற ஒருவருக்கு அந்தக் காசில் இரண்டு விளக்கும் ஒரு நல்ல லென்ஸும் வந்துவிடும்.

தோல், வியர்வை, தரை

முகத்துக்கு முன்னால் என்ன மாட்டுகிறோம் என்பதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீரர்களின் படங்கள் கெடுவது அதிகமும் இங்கேதான்.

கறுத்த தோல் ஒளியை வாங்குகிற விதமே வேறு. வெளிர்த் தோலில் வெளிச்சம் எல்லா இடத்திலும் பரவித் தெரியும். கறுத்த தோலில் உருவத்தைக் காட்டுவது பெரும்பாலும் மேற்பரப்பின் பளபளப்புத்தான்: கன்னமேட்டில் ஒரு கோடு, தோள்பட்டையில் ஒரு வளைவு, முன்கைத் தசையில் ஒரு நீள மினுக்கம். சின்ன விளக்கை நேராக அடித்தால் அந்தப் பளபளப்பு புள்ளி புள்ளியாக வெந்து வெளுத்துப்போகும். வியர்வை இருந்தால் இன்னும் மோசம். 90 செ.மீ. அல்லது 120 செ.மீ. ஆக்டா பாக்ஸைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தால் அதே பளபளப்பு அகலமாக, மெதுவாகத் தேய்ந்து தசையின் வடிவத்தைக் காட்டும். பயிற்சி முடித்து வந்த கபடி ரெய்டரின் தோளில் செம்மண் ஒட்டியிருக்கும். அந்த மண்ணின் ஒவ்வொரு துகளும் தெரிகிற மாதிரி ஒளியைச் சாய்த்துப் போடலாம். முகத்தை மட்டும் ஒரு துண்டால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தோளையும் கையையும் துடைக்க வேண்டாம்.

டிடிஎல் முறை இந்த இடத்தில் ஏமாற்றும். கறுத்த முகம், வெள்ளை ஜெர்சி, பின்னால் வானம் என்று மூன்றையும் பார்த்து அது ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு முடிவு எடுக்கும். போர்ட்ரெய்ட்டில் விளக்கும் ஆளும் நகராமல் நிற்பதால் மேனுவலில் வைத்து ஒருமுறை சரிசெய்தால் போதும். முகத்தை வெளுக்க வைக்கப் பவரை ஏற்றாதீர்கள். அந்த வீரர் எந்த நிறமோ அந்த நிறத்தில் அவர் படத்தில் இருக்க வேண்டும். வெளுப்பாக்கினால்தான் படம் அழகு என்று நம் ஸ்டூடியோக்களில் ஊறிப்போன பழக்கத்தை மைதானத்துக்குள் கொண்டுவரவே கூடாது. இது தொழில்நுட்பக் கருத்து மட்டுமில்லை. வெயிலில் ஓடி வளர்ந்த உடம்புக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை.

தரையும் ஒரு விளக்கு. செம்மண் மைதானம் தாடைக்குக் கீழே இளஞ்சிவப்பை அனுப்பும். அது பெரும்பாலும் அழகாகவே இருக்கும், விட்டுவிடலாம். செயற்கைப் புல்தரை பச்சையை அனுப்பும். ஹாக்கியில் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிறகு நீலத் தரை உலகம் முழுக்கப் பழகிவிட்டது. அதன்மேல் குனிந்து நிற்கிற வீரரின் கழுத்தில் நீலம் ஏறும். முகத்தில் ஃப்ளாஷின் பங்கு கூடினால் இந்த நிறக்கறை தானாக அடங்கும்.

நிறம் பற்றி இன்னொன்று. ஃப்ளாஷ் 5600 கெல்வினை ஒட்டிய பகல் நிறம். மாலைச் சூரியன் அதைவிட மிகவும் மஞ்சள். பின்னால் பொன்வெயில், முகத்தில் நீலம் கலந்த வெள்ளை என்று இருந்தால் வெட்டி ஒட்டிய மாதிரி தெரியும். ஃப்ளாஷையும் மஞ்சள் பக்கம் இழுக்க அரை சிடிஓ ஜெல் ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருங்கள். சின்னத் துண்டு, மொத்தக் கிட்டிலும் மலிவான பொருள் அதுதான்.

காற்றும் பேட்டரியும்

கடற்கரையில் வாலிபால் வீரர்களையோ கோவளத்தில் அலைச்சறுக்கு வீரர்களையோ எடுக்கப் போனால் பிற்பகலில் கடல்காற்று எழும். 120 செ.மீ. ஆக்டா ஸ்டாண்டின் உச்சியில் பாய்மரம் போல நிற்கும்; ஒரு வீச்சில் விளக்கோடு சாயும். குடை இன்னும் ஆபத்து. மணல் மூட்டை கட்டாயம். ஸ்டாண்டின் காலில் ஆறேழு கிலோ தொங்க வேண்டும். ஊரிலிருந்து மணல் மூட்டை சுமக்க வேண்டியதில்லை, காலிப் பைகளை எடுத்துப் போய் அங்கேயே நிரப்பலாம். அதைவிட நல்லது, உதவியாளர் ஒருவர் மோனோபாடில் விளக்கை மாட்டிக் கையிலேயே பிடிப்பது. வீரர் நகர நகர விளக்கும் நகரும். இதற்கு மூன்று கிலோ விளக்கு சரிப்படாது, பத்து நிமிடத்தில் கை நடுங்கும். 200 வாட் விளக்கின் எடை கேமராவைப் போலத்தான். உதவியாளரோடு வேலை செய்கிறவர்களுக்குச் சின்ன விளக்கே பெரிய விளக்காகிவிடுவது இதனால்தான்: அவர்கள் அதைப் பக்கத்தில் கொண்டுபோக முடிகிறது.

கடலோரத்தில் எடுத்து முடித்ததும் விளக்கையும் பேட்டரித் தொடர்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். உப்புக்காற்று செம்பை அரிக்கும்.

பேட்டரிக்கு வெயில் ஆகாது. காரின் டிக்கியில் மதியம் வைத்த லித்தியம் பேட்டரி ஆயுளை இழக்கும். விளக்கும் தொடர்ந்து முழு பவரில் அடித்தால் சூடேறித் தானாக நின்றுவிடும். ஹைஸ்பீடு சிங்க்கில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நிழல் இல்லாத இடத்தில் விளக்கின்மேல் வெள்ளைத் துணி போடுங்கள், காற்று வரும் துளைகளை மட்டும் மூடாதீர்கள். ஏடி200 ப்ரோவின் பேட்டரி முழு பவரில் 500 ஃப்ளாஷ் வரை தரும் என்கிறார்கள், ஏடி600 ப்ரோ 360. ஒரு மாலை வேலைக்கு ஒன்றே போதும். அணி முழுவதையும் எடுக்கிற நாளில் இரண்டாவது வேண்டும்.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க: கழற்றிய லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. ஏடி200 ப்ரோ பேட்டரி சுமார் 42 வாட்-அவர், ஏடி600 ப்ரோ சுமார் 75. இரண்டும் அந்த வரம்புக்குள் அடங்கும். முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு படம், தொடக்கம் முதல் கடைசி வரை

மாலை ஐந்து மணி. கபடி மைதானம். வீரரைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். சூரியன் இப்போது இரண்டாவது விளக்கு: தலைமுடியிலும் தோளிலும் விளிம்பு போட்டுக் கொடுக்கும், காசில்லாமல். அவர் முகம் தன் நிழலிலேயே இருப்பதால் கண்ணைச் சுருக்காமல் பார்ப்பார்.

முதலில் ட்ரிகரை அணைத்து வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200. இந்த நேர வெயிலுக்குச் சரியான அளவு எஃப்/8. வானம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று எஃப்/11 வையுங்கள். ஒரு படம் எடுங்கள். பின்னணி ஒரு ஸ்டாப் இருட்டாக, முகம் கிட்டத்தட்ட நிழலுருவாக வரும். அப்படித்தான் வர வேண்டும்.

பிறகு விளக்கு. 200 வாட், 90 செ.மீ. ஆக்டா, வீரரின் முகத்திலிருந்து ஒன்றரை மீட்டர், கண்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, கேமராவுக்கு 45 டிகிரி பக்கவாட்டில். பாதி பவர். முகத்தில் எஃப்/11-ஐ ஒட்டி விழும். கண்ணில் விளக்கின் வட்டம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரியாவிட்டால் விளக்கு ரொம்ப உயரத்தில் இருக்கிறது. முகம் வெளுத்திருந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் குறையுங்கள். பின்னணி இன்னும் இருட்டாக வேண்டுமென்றால் பவரைத் தொடாமல் ஷட்டரை நகர்த்தலாம் என்று தோன்றும். 1/200-இல் ஏற்கெனவே உச்சியில் நிற்கிறீர்கள், அதனால் அப்பர்ச்சரை எஃப்/16 ஆக்கிப் பவரை ஒரு ஸ்டாப் ஏற்ற வேண்டும். அந்த ஒரு ஸ்டாப் கையிருப்பு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பாதி பவரில் தொடங்கினோம்.

இப்போது அவரைப் பாயச் சொல்ல வேண்டுமென்றால் ஹைஸ்பீடு சிங்க்கைப் போட்டு 1/1600, எஃப்/4. ஆக்டாவின் உள்துணியைக் கழற்றிவிட்டு விளக்கை இன்னும் ஓரடி கிட்டக் கொண்டுவாருங்கள், பவர் முழுசு. 600 வாட் விளக்கு கையில் இருந்தால் எதையும் கழற்ற வேண்டாம். வித்தியாசம் உங்களுக்கு அங்கேயே புரியும்.

எதை வாங்குவது?

ஒரே ஒரு விளக்குக்குத்தான் இன்று காசு இருக்கிறது என்றால் 200 வாட்-செகண்ட் பேட்டரி விளக்கு, உங்கள் கேமராவுக்கான ரேடியோ ட்ரிகர், 90 செ.மீ. ஆக்டா, கனமான ஸ்டாண்டு, மணல் பை, மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டர், அரை சிடிஓ. வாங்க வேண்டிய வரிசையும் இதுதான். 300, 400 என்று நடுவில் இருப்பவை நல்ல விளக்குகள்தான், ஆனால் 200-இலிருந்து 400-க்குப் போனால் கிடைப்பது ஒரு ஸ்டாப் மட்டும். இரண்டாவது 200 வாங்கினால் அந்த ஒரு ஸ்டாப்பும் கிடைக்கும், இரண்டு இடத்தில் வைக்கிற வசதியும் கிடைக்கும். 600-ஐ வாடகைக்கு எடுங்கள். மாதத்தில் நான்கைந்து முறை வாடகை கொடுக்கிற நிலை வந்த பிறகு சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். சர்வீஸ் உங்கள் மாவட்டத்திலேயே கிடைக்கிறதா, பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்காமல் எந்தக் கம்பெனியுடையதையும் வாங்க வேண்டாம்.

வாங்கியதும் பக்கத்து மைதானத்துக்குப் போங்கள். பயிற்சியாளரிடம் முதலில் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள். மாவட்ட, மாநில அளவில் ஜெயித்துவிட்டு வருகிற பல பிள்ளைகளிடம் பேப்பரில் போடக் கொடுக்க ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. எடுத்த படத்தை முழு அளவில், உங்கள் பெயரை முகத்தின்மேல் போடாமல், அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.